யார் நாற்றங்கால் செழிப்பு: ஓரியோல்ஸா, ரேஸா?

பேஸ்பாலில் டிராஃப்டில், அதாவது அணிகள் முறைவைத்துப் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், எடுத்த பையன்கள் நேராகப் பெரிய அணிக்கு வருவதில்லை. மைனர் லீக் எனும் கீழ்நிலை அணிகளில் சில ஆண்டுகள் பழகித்தான் மேலே வருவார்கள். இந்த ஏற்பாட்டுக்கு ஃபார்ம் சிஸ்டம் என்று பெயர். நாம் நாற்றங்கால் என்று சொல்லலாம். ஒரே டிவிஷனில் (லீக்குக்குள் ஒரு பிரிவு) மோதும் பால்டிமோர் ஓரியோல்ஸும் டாம்பா பே ரேஸும் இதை நேரெதிராகச் செய்தன.

ஓரியோல்ஸ் தோற்றுத் தோற்றுச் சேர்த்த அணி. 2018இல் 115 தோல்வி, 2019இல் 108, 2021இல் 110. அதிகம் தோற்றவருக்கு டிராஃப்டில் முதல் வாய்ப்பு என்பது அப்போதைய விதி. அதனால் 2019இல் அட்லி ரட்ச்மனும் 2022இல் ஜாக்சன் ஹாலிடேயும் கிடைத்தார்கள். ஆனால் நான் மெச்சுவது கன்னர் ஹெண்டர்சனைத்தான். 2019இல் 42ஆவதாக எடுக்கப்பட்டவர், 2023இல் அமெரிக்கன் லீக்கின் (பெரிய அணிகளின் இரு லீக்குகளில் ஒன்று) சிறந்த புதுமுகம். அந்த ஆண்டு அணிக்கு 101 வெற்றி. முதல் இடத்தில் நல்ல ஆளைப் பிடிப்பது பெரிய வித்தையில்லை. 42ஆவது ஆளை இப்படி உருவாக்குவதில்தான் பயிற்சியாளரின் கைவண்ணம் தெரிகிறது.

சரி, பந்து வீசும் பிட்ச்சர்கள்? அங்கேதான் ஓட்டை. 2019 முதல் 2024 வரை முதல் சுற்றில் எடுத்தவர்கள் எல்லாருமே மட்டை பிடிக்கும் பேட்டர்கள். அதனால் 2024இல் ஜோயி ஓர்டிஸையும் டி.எல். ஹாலையும் கொடுத்து பிட்ச்சர் கார்பின் பர்ன்ஸை வாங்க வேண்டி வந்தது. அவர் ஒரே சீசனில் கிளம்பிவிட்டார். 2025இல் 75 வெற்றிதான், டிவிஷனில் கடைசி.

ரேஸுக்குக் காசும் குறைவு, முதல் தேர்வும் கிடைக்காது. பக்கத்து வயலில் வாடும் நாற்றைக் கொண்டுவந்து தன் மண்ணில் தழைக்க வைப்பார்கள். 2018இல் பிட்ச்சர் கிறிஸ் ஆர்ச்சரைக் கொடுத்து, பிட்ஸ்பர்க் அணியில் தடுமாறிய பிட்ச்சர் டைலர் கிளாஸ்னோவை, ஆஸ்டின் மெடோஸ், ஷேன் பாஸோடு வாங்கினார்கள். 2020 உலகத் தொடரின் (சாம்பியனை முடிவு செய்யும் இறுதித் தொடர்) முதல் ஆட்டத்தில் ரேஸுக்காகப் பந்து வீசத் தொடங்கியவர் அதே கிளாஸ்னோ. இளம் வீரர் தரவரிசைகளில் மேத்யூ லிபரடோர் பெரிய பெயராக இருந்தபோது, அவரைக் கொடுத்து ராண்டி அரோசரேனாவைக் கொண்டுவந்தார்கள். 2020 பிளேஆஃபில் (சீசன் முடிந்து கோப்பைக்காக நடக்கும் சுற்றுகள்) அவர் 10 ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி) அடித்தார். அதனால்தான் அந்தத் தரவரிசைகளை நான் அப்படியே நம்புவதில்லை.

ரேஸ் ரசிகருக்கு வலியும் உண்டு. கிளாஸ்னோ, அரோசரேனா இருவரையுமே பிறகு வேறு அணிகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். உலகத் தொடர்க் கோப்பை இன்னும் ஒன்றுகூட வரவில்லை.

ஆனாலும் என் ஓட்டு ரேஸுக்கே. 2023 டிராஃப்டிலிருந்து முதல் ஆறு இடங்களுக்குக் குலுக்கல் வந்துவிட்டதால், எத்தனை தோற்றாலும் முதல் தேர்வு உறுதியில்லை. ஓரியோல்ஸ் தாங்களே எடுத்த ஒரு பிட்ச்சரை ஹெண்டர்சன் அளவுக்கு வளர்த்துக் காட்டட்டும், அப்போது மாற்றிப் போடுகிறேன்.