ஒன்பது பேர், ஒரு வேன், அண்ணனின் சம்பளக் கணக்கு

“உன் டாலர் கணக்கை ஓரமா வை. என் சம்பளத்துல இது முடியுமான்னு பாரு, முடிஞ்சா போலாம்.” வேலூர் சத்துவாச்சாரி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அண்ணன் இதைச் சொன்னபோது, நான் எழுதி வைத்திருந்த தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். குடும்பத்தோடு வொண்டர்லா கேளிக்கைப் பூங்காவுக்குப் போய்வர, சனி, ஞாயிறு இரண்டு நாள், இரண்டு கார், மகாபலிபுரம் பக்கம் ஒரு ராத்திரி தங்கல் என்று போட்டிருந்த கணக்கு அது. மொத்தம் 46,000 ரூபாய். சிங்கப்பூரில் சம்பாதிக்கிற எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருக்கும் அண்ணனுக்கு அது ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டும். எல்லாம் நானே கட்டுகிறேன் என்றால் அவர் வரமாட்டார். பாதி பாதி என்றால்தான் வருவார். அதனால் கணக்கை அவர் பக்கத்திலிருந்து முதலிலிருந்து போட்டேன்.

ஊருக்கு வரும்போதெல்லாம் பிள்ளைகளை அமிர்தி, ஏலகிரி, கோட்டை, தங்கக்கோயில் என்று கூட்டிப்போவோம். இந்த முறை நான்கு பிள்ளைகளும் ஒரே குரலில் வொண்டர்லா என்றார்கள். கொச்சியில் 2000-ல் வீகாலேண்ட் என்ற பெயரில் தொடங்கி, பெங்களூரு, ஹைதராபாத், புவனேஸ்வர் என்று வளர்ந்த பூங்கா அது. சென்னைக்கு வர அதற்கு ரொம்ப வருடமானது. உள்ளாட்சி கேளிக்கை வரி விவகாரத்தால் திட்டம் நின்று போய், வரி விலக்கு கிடைத்த பிறகுதான் வேலை ஆரம்பித்தது. 2025 டிசம்பர் 2 அன்று திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் 64 ஏக்கரில், 43 ரைடுகளோடு திறந்தார்கள். முன்பெல்லாம் வேலூர்க்காரர்கள் இதற்காக பெங்களூரு தாண்டி பிடதி வரை போக வேண்டும். இப்போது அவ்வளவு தூரம் இல்லை.

எந்த நாள் போவது என்பதில்தான் முதல் மிச்சம். சிங்கப்பூரில் பள்ளி விடுமுறை ஜூன் மாதம். இங்கே அப்போது பள்ளி திறந்திருக்கும். அதனால் ஜூனில் ஒரு செவ்வாய்க்கிழமை என்றால் கூட்டமும் குறைவு, டிக்கெட் விலையும் வார இறுதியைவிடக் குறைவு. அண்ணன் பிள்ளைகளுக்கு ஒரு நாள் லீவு போட வேண்டும். பெரியவன் ஒன்பதாவது. அண்ணிக்கு மனமே இல்லை. “பள்ளி திறந்து ரெண்டு வாரம்கூட ஆகல” என்று இரண்டு நாள் தயங்கி, அப்புறம் அவரே லீவு லெட்டர் எழுதிக் கொடுத்தார்.

டிக்கெட் எடுக்கும் முன் ஒரு வேலை செய்தோம். எல்லாப் பிள்ளைகளையும் சுவரில் சாய்த்து நிற்க வைத்து டேப்பால் அளந்து பென்சிலால் கோடு போட்டோம். அங்கே சிறுவர் டிக்கெட்டுக்கு வயது கணக்கில்லை, உயரம்தான் கணக்கு. 85 சென்டிமீட்டருக்குக் கீழே இலவசம். 140 வரை சிறுவர் டிக்கெட். அதற்கு மேல் பெரியவர் டிக்கெட். பெரிய ரைடுகளுக்கும் பெரும்பாலும் அதே 140தான் எல்லை. பதினோரு வயதான என் மகன் 142. அவனுக்குப் பெரியவர் கட்டணம், ஆனால் எல்லாவற்றிலும் ஏறலாம். அண்ணன் மகள் 131, என் சின்னவள் 114. இதை வீட்டிலேயே சொல்லிவிட்டதால், ரைடு வாசலில் திருப்பி அனுப்பும்போது அழுகை இல்லை. அளக்காமல் கிளம்பாதீர்கள் என்று கையைப் பிடித்துச் சொல்வேன்.

அம்மா டிக்கெட்டில்தான் பேச்சு நீண்டது. உள்ளே வருகிற எல்லோருக்கும் டிக்கெட் உண்டு. ஏறினாலும் ஒன்றுதான், சும்மா உட்கார்ந்தாலும் ஒன்றுதான். “எனக்கு இன்னாத்துக்குடா டிக்கெட்டு? மூட்டு வலியோட நான் எதுல ஏறப்போறேன்? நான் வீட்லயே இருக்கேன்” என்றார் அம்மா. அண்ணி, தானும் அம்மாவும் திருப்போரூர் கந்தசாமி கோயிலில் இருந்துகொள்வதாகச் சொன்னார். பெரியவர் ஒருவருக்கு ஆயிரத்தைந்நூறை ஒட்டி வருகிற விலையில் இரண்டு டிக்கெட் மிச்சம் என்று கணக்கு சொன்னது. மூத்த குடிமக்களுக்குச் சலுகை உண்டு என்று பார்த்த பிறகு, அம்மாவின் ஆதார் அட்டையை நானே எடுத்துப் பையில் வைத்தேன். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருகிறேன். வருகிற இடத்தில் அம்மாவைக் கோயில் வாசலில் விட்டுவிட்டு உள்ளே போக என்னால் ஆகாது. அந்தப் பணத்தை வேறு எங்காவது குறைக்கலாம் என்றேன்.

குறைத்தது துணியில். தண்ணீர் ரைடுகளில் நைலான் மாதிரி செயற்கை இழைத் துணிதான் அனுமதி. பருத்தி, புடவை, துப்பட்டா கூடாது. துணி இல்லாமல் போனால் அங்கேயே வாங்க வேண்டிவரும். நாங்கள் முந்தின நாள் லாங்கு பஜாரில் நைலான் அரைக்கால் சட்டை, டீ சர்ட், பெண்களுக்கு முழுக்கால் டைட்ஸ் எல்லாம் பேரம் பேசி 1,150 ரூபாய்க்கு முடித்தோம். பிள்ளைகள் பள்ளியில் விளையாட்டுக்குப் போடும் உடையே பாதிப் பேருக்குப் போதுமாக இருந்தது.

பணம் கட்டுவதில் நான் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும், வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு உதவும். என் இந்திய சிம் பல மாதம் பயன்படுத்தாமல் கிடந்ததில் செத்துப்போயிருந்தது. வங்கிக் கணக்கில் இருப்பது அந்த எண்தான், ஓடிபி வர வழியில்லை. வெளிநாட்டில் இருப்பவர்கள் இங்கே வைத்துக்கொள்ளும் என்ஆர்ஓ வங்கிக் கணக்கோடு சிங்கப்பூர் எண்ணையே இணைத்து யுபிஐ பயன்படுத்தலாம். 2023-ல் முதலில் பத்து நாடுகளின் எண்களுக்கு அந்த வசதி வந்தது, சிங்கப்பூரும் அதில் இருக்கிறது. ஆனால் என் வங்கிக் கிளையில் முதல் கவுண்டரில் இருந்தவர் அப்படி ஒன்றே கிடையாது என்று திருப்பி அனுப்பிவிட்டார். மறுநாள் வேறொரு பெண் அதிகாரி படிவத்தைத் தேடி எடுத்து, பாஸ்போர்ட் நகல் வாங்கி, பொறுமையாக முடித்துக் கொடுத்தார். எண் மாறி வருவதற்குள் டிக்கெட் எடுக்க வேண்டிய நாள் வந்துவிட்டது. கடைசியில் அண்ணன் போனிலிருந்துதான் கட்டினோம். ஊருக்குக் கிளம்பும் முன்பே சிம்மை உயிரோடு வைத்துக்கொள்ளுங்கள், மாதாமாதம் ஒரு சின்ன ரீசார்ஜ் போதும்.

வேன் பன்னிரண்டு சீட்டு. கிலோமீட்டருக்கு 22 ரூபாய், குறைந்தது 300 கிலோமீட்டர், டிரைவர் பேட்டா 600, டோலும் பார்க்கிங்கும் தனி. காட்பாடியிலிருந்து ரயிலில் சென்னை போனால் செலவு குறையும்தான். ஆனால் சென்ட்ரலில் இறங்கி அங்கிருந்து திருப்போரூர், திரும்பும்போது களைத்துப்போன பிள்ளைகள், அம்மாவின் மூட்டு. வேன்தான் சரி. வழியும் முக்கியம். சென்னைக்குள் நுழையவே கூடாது. வாலாஜா டோல் தாண்டி காஞ்சிபுரம், அங்கிருந்து செங்கல்பட்டு, அப்புறம் திருப்போரூர். காலை ஆறு மணிக்குக் கிளம்பி, காஞ்சிபுரத்தில் இட்லி சாப்பிட்டு, பத்தரைக்கெல்லாம் வாசலில் நின்றோம். வெளிச் சாப்பாடு உள்ளே விடமாட்டார்கள் என்பதால் காலையில் வயிறு நிறையச் சாப்பிட வைத்து, திரும்பும் வழிக்கு அண்ணி கட்டிய புளிசாதத்தை வேனிலேயே வைத்துவிட்டோம்.

உள்ளே போனதும் பிள்ளைகள் முதலில் ஓடியது தஞ்சோராவுக்கு. கால்கள் அந்தரத்தில் தொங்க, தலைகீழாகச் சுற்றிக்கொண்டு போகும் கோஸ்டர் அது. இந்தியாவில் இந்த வகையில் சுவிட்சர்லாந்தின் பொல்லிகர் அண்ட் மபில்லார்ட் செய்த முதல் கோஸ்டர். சீக்கிரம் போனதால் வரிசை இருபது நிமிடம்தான். பெரிய ரைடுகளை மதியத்துக்கு முன்பே முடித்துவிட்டு, வெயில் ஏறியதும் தண்ணீர் பக்கம் போனோம். லாக்கர் இரண்டே எடுத்து ஒன்பது பேர் பொருளையும் அடைத்தோம்.

அம்மா, சின்னவள் ஏறுகிற சிறுவர் ரைடுகள் பக்கம் நிழலில் உட்கார்ந்துகொண்டார். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் அவள் ஓடி வந்து பாட்டியிடம் கதை சொல்லிவிட்டு மறுபடி ஓடுவாள். அலைக்குளத்தில் அண்ணன் என் மகனைத் தோளில் தூக்கிக்கொண்டு கத்தியதை அம்மா கரையில் நின்று பார்த்தார். ஐம்பது வயதில் அண்ணன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அம்மாவும் சொல்லிக்கொண்டே இருந்தார், “அப்பா செத்ததுக்கு அப்புறம் இவன் இப்டி சிரிச்சதே இல்ல.”

திரும்பி வந்ததும் வேன் உரிமையாளரோடு ஒரு வாக்குவாதம். எங்கள் வீட்டு வாசலிலிருந்து கணக்கு என்று பேசியிருந்தோம். பில்லில் ஷெட்டிலிருந்து ஷெட் வரை 334 கிலோமீட்டர் என்று போட்டிருந்தார். கிளம்பும்போதும் இறங்கும்போதும் மீட்டரைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். 296 கிலோமீட்டர்தான். படத்தைக் காட்டியதும் 300-க்கு ஒத்துக்கொண்டார். 748 ரூபாய் மிச்சம். டிரைவர் தம்பி நல்லவர், நாள் முழுக்க முகம் சுளிக்கவில்லை. அவருக்குப் பேட்டாவோடு கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தோம்.

டிக்கெட் 11,420, வேன் எல்லாம் சேர்த்து 7,720, காலைச் சாப்பாடு 960, உள்ளே மதியச் சாப்பாடும் ஐஸ்கிரீமும் 2,480, லாக்கர் 300, துணி 1,150. மொத்தம் 24,030. அண்ணன் தாளில் இருமுறை கூட்டிப் பார்த்து, பின்பக்கம் ஏதோ கழித்து எழுதி, சரி என்று தலையாட்டினார்.

நான் கிளம்பிய அன்று காட்பாடி ரயில் நிலையத்தில் நிற்கும்போது போன் அதிர்ந்தது. அண்ணன் கணக்கிலிருந்து என் என்ஆர்ஓ கணக்குக்கு 12,015 ரூபாய். டிக்கெட்டுக்கு அவர் கட்டியதை நான் கையில் ரொக்கமாகக் கொடுத்துத் தீர்த்திருந்தேன், இது அவருடைய பாதி. என் மனைவி திருப்பி அனுப்பிவிடலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.