எக்ஸ்1-ஆ, எக்ஸ்10-ஆ? ஸ்டாக்ஹோம் புறநகர் ரயிலின் அண்ணனும் தம்பியும்

கணக்குப் பார்த்தால் எக்ஸ்10தான் கெட்டிக்காரன். 1980களில் பிறந்தது, தைரிஸ்டர் (மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் குறைகடத்திக் கருவி) கட்டுப்பாடு கொண்டது, மணிக்கு 140 கிலோமீட்டர் ஓடக்கூடியது. 1967 முதல் கட்டப்பட்ட எக்ஸ்1-இன் உச்சவேகம் 120தான். ஆனால் நிமிடங்களில் அடுத்த நிலையம் வந்துவிடும் தடத்தில் இந்த 20 கிலோமீட்டரை எங்கே செலவழிப்பது? அந்த வேகத்தைத் தொட்டவுடன் பிரேக் பிடிக்க வேண்டியதுதான். வேகத்தை வைத்து எக்ஸ்10-க்கு மதிப்பெண் போட எனக்கு மனமில்லை.

மற்றபடி, இரண்டுமே ஸ்வீடனின் ஆசெயா என்ற மின்பொறி நிறுவனத்தின் பிள்ளைகள். ஒரு பெட்டியில் மோட்டார், மற்றொன்று இழுபடும் பெட்டி. இரு முனையிலும் ஓட்டுநர் அறை. கூட்ட நேரத்தில் இப்படிப்பட்ட பல ஜோடிகளைக் கோத்து ஓட்டினார்கள். ஒரு ஜோடியிலிருந்து அடுத்ததற்கு உள்ளே நடந்து போக வழியிருக்கவில்லை. அடுத்த ஜோடியில் இருக்கை காலியாக இருந்தாலும், ஏறிய இடத்தில் நெருக்கியடித்து நிற்க வேண்டியிருந்தது. இந்தக் குறை இருவருக்கும் பொது.

2002-இல் ரயில் தட்டுப்பாட்டைச் சமாளிக்க ஜெர்மனியிலிருந்து பழைய எஸ்-பான் (அந்நாட்டின் புறநகர் ரயில் சேவை) ரயில்களை வரவழைத்து, எக்ஸ்420 என்று பெயரிட்டு ஓட்டினார்கள். இரு நாட்டிலும் மேல்கம்பியில் அதே 15,000 வோல்ட் என்பதால் வேலை எளிதானது. 2005-இல் அவை விடைபெற்றன. அவற்றின் வயதை ஒத்த எக்ஸ்1 மட்டும் 2011 வரை ஓடியது! 104 ஜோடிகள், நாற்பது ஆண்டுக்கும் மேலான உழைப்பு. என் ஓட்டு இந்த அண்ணனுக்கே.

எக்ஸ்1-ஐ வீட்டுக்கு அனுப்பியது பிரெஞ்சு ரயில் நிறுவனமான அல்ஸ்தோமின் எக்ஸ்60. ஆறு பெட்டி, 107 மீட்டர், தாழ்வான தளம். ஒரு முனையில் ஏறி மறுமுனை வரை நடக்கலாம். குழந்தை வண்டியைத் தூக்கி ஏற்றும் பாடும் இல்லை.

எக்ஸ்10 தோற்றது வேறு காரணத்தால். 2017 ஜூலையில் நகருக்கு அடியில் சிட்டிபானன் சுரங்கப்பாதை திறந்தது. ஓடன்பிளான், ஸ்டாக்ஹோம் சிட்டி ஆகிய நிலையங்களில் நடைமேடை ஓரம் முழுக்கக் கண்ணாடிச் சுவர். அதில் எக்ஸ்60-இன் கதவுகள் வந்து நிற்கும் இடங்களில் மட்டுமே திறப்பு. எக்ஸ்10 அங்கே போய் நின்றிருந்தால் அதன் கதவுகள் கண்ணாடியைப் பார்த்தே திறந்திருக்கும்.