நம்பிக்கையை வளர்க்கும் பயிற்சி வகுப்பு: சேரலாமா?

வாடிக்கையாளர் சேவைக் குழு ஒன்றைக் கவனித்துக்கொள்கிறேன். "நாளைக்குள் சரிசெய்துவிடுகிறோம்" என்று யாரிடமாவது சொல்வதும், சொன்னபடி நடக்கிறதா என்று பின்னாலேயே ஓடுவதும்தான் எங்கள் வேலையில் பாதி. அதனால் வேலையிலும் வீட்டிலும் ஒருவர்மேல் ஒருவர் வைக்கும் நம்பிக்கையை வளர்ப்பது பற்றிய ஓர் இணையவழிப் பயிற்சியில் குழுவோடு சேர்ந்தேன். வாரம் ஒரு நேரலை வகுப்பு, நடுவில் வீட்டுப்பாடம். அதையே பதிவு செய்த காணொளிகளாகவும் தனியாக விற்கிறார்கள்.

முதல் வகுப்பே பிடித்துப்போனது. மேயர், டேவிஸ், ஷூர்மன் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1995-இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து ஆரம்பித்தார்கள். ஒருவரை நம்பலாமா என்று பார்க்கும்போது நாம் மூன்றைப் பார்க்கிறோம்: வேலை தெரிந்தவரா, நம்மேல் அக்கறை உள்ளவரா, நேர்மையானவரா. கேட்க எளிதுதான். ஆனால் "அவர்மேல் நம்பிக்கை இல்லை" என்று மொத்தமாகச் சொல்லிவிடுகிறோமே, அதைப் பிரித்துப் பார்க்க இது நன்றாக உதவுகிறது. எங்கள் குழுவில் ஒருவரிடம் அவசர வேலையைக் கொடுக்க எல்லோரும் தயங்குவார்கள். அவருடைய நேர்மையிலும் அக்கறையிலும் ஒரு குறையும் கிடையாது. புதிய மென்பொருள் கைக்குப் பழகவில்லை, அவ்வளவுதான். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததும் தயக்கம் போய்விட்டது.

வீட்டுப்பாடங்களில் எனக்கு மிகவும் பிடித்தது வாக்குறுதிப் பட்டியல். யாரிடம் என்ன சொன்னோம், எப்போது முடிப்பதாகச் சொன்னோம், முடியாது என்று நமக்குத் தெரிந்தது எப்போது, அதை அவரிடம் சொன்னது எப்போது என்று எழுத வேண்டும். கடைசி இரண்டுக்கும் நடுவே எவ்வளவு நேரம் போயிருக்கிறது என்பதுதான் முக்கியம். எங்களிடம் தாமதங்கள் ஒன்றும் குறைந்துவிடவில்லை. ஆனால் தாமதமாகும் என்று தெரிந்த அன்றே இப்போது வாடிக்கையாளருக்கு போன் போகிறது. முன்பு கொதித்துப்போய் எழுதியவர்களே "சரி, முன்கூட்டியே சொன்னீர்களே" என்று எழுதுகிறார்கள். இந்த ஒரு பயிற்சிக்காகவே வகுப்பில் சேரலாம் என்பேன்.

உடல்மொழி வகுப்பில் எனக்குக் கோபமே வந்தது. பேச்சில் சொற்களின் பங்கு 7 சதவீதம்தான், குரலுக்கு 38, முகபாவத்துக்கு 55 என்று பெரிய எழுத்தில் காட்டினார்கள். இவை உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-இல் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து வந்த எண்கள். பேசுபவருக்கு எதிரில் இருப்பவரைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்பதைக் கேட்பவர் எதை வைத்து ஊகிக்கிறார் என்றுதான் அங்கே சோதித்தார்கள்; அதுவும் ஒற்றைச் சொற்களை வைத்து. உணர்ச்சிகளையும் விருப்பு வெறுப்பையும் பற்றிய பேச்சைத் தவிர வேறெதற்கும் இந்தக் கணக்கு பொருந்தாது என்று மெஹ்ராபியனே சொல்லியிருக்கிறார். பணம் எந்தத் தேதியில் திரும்ப வரும் என்று கேட்பவருக்கு என் முகபாவத்தால் என்ன பயன்? அவருக்கு வேண்டியது தேதி. நம்பகத்தன்மையைக் கற்றுத்தருபவர்கள் சரிபார்க்காத எண்களைக் காட்டவே கூடாது.

இதைப் பயிற்சியாளருக்கு எழுதி அனுப்பினேன். அடுத்த வகுப்பு தொடங்கியதுமே, "போன வாரம் காட்டிய அந்தக் கணக்கு தவறு, எடுத்துவிட்டேன்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். மழுப்பவில்லை, சாக்கும் சொல்லவில்லை. அவர்மேல் எனக்கு மதிப்பு கூடியது. ஆனால் விற்பனைக்கு உள்ள காணொளியில் அந்தப் பகுதி இன்னும் அப்படியே இருக்கிறது.

மன்னிப்புக் கேட்பது பற்றிய வகுப்பு பரவாயில்லை ரகம். எல்லாத் தவறுக்கும் ஒரே மாதிரி மன்னிப்புக் கடிதம் கொடுக்கிறார்கள். பீட்டர் கிம்மும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், திறமைக் குறைவால் நேர்ந்த தவறுக்கு மன்னிப்பு நன்றாக எடுபடுகிறது, நேர்மையே கேள்விக்குள்ளாகும்போது அந்த அளவுக்கு எடுபடுவதில்லை என்று கண்டார்கள். கூட்டலில் பிசகியதும் கணக்கை மறைத்ததும் ஒன்றா? இதைத் தொட்டிருந்தால் வகுப்பு எங்கேயோ போயிருக்கும்.

வீட்டு உறவுகளுக்குக் கடைசியில் ஒரே ஒரு வகுப்பை ஒதுக்கியிருக்கிறார்கள், அது போதாது. இருந்தாலும் உளவியலாளர் ஜான் காட்மனின் ஆய்வைப் பற்றிச் சொன்னது மனதில் தங்கியது: "இங்கே பாரேன்" என்பது போன்ற சின்னச் சின்ன அழைப்புகளுக்குத் துணைவர் முகம் கொடுக்கிறாரா என்பதைப் புதுமணத் தம்பதிகளிடம் கவனித்திருக்கிறார்கள். ஆறு ஆண்டுகள் கழித்தும் சேர்ந்திருந்தவர்கள் அவற்றில் 86 சதவீதத்துக்கு முகம் கொடுத்திருந்தார்கள்; பிரிந்துபோனவர்கள் 33 சதவீதத்துக்கு. ஆனால் வாக்குறுதிப் பட்டியலை வீட்டிலும் எழுதச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. "என்னையும் கணக்குல சேர்த்துட்டியா?" என்று என் கணவர் கேட்டார். அவர் கேட்டது நியாயம். வீட்டில் அதை நிறுத்திவிட்டு, அவர் பேசும்போது போனைக் கீழே வைப்பதை மட்டும் வைத்துக்கொண்டேன்.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். குழுவாக வேலை செய்பவர்கள் நேரலை வகுப்பில் தயங்காமல் சேரலாம். குடும்பத்துக்காக மட்டும் என்றால் வேண்டாம். காணொளிகளை வாங்க நினைப்பவர்கள், உடல்மொழிப் பகுதியைத் திருத்திவிட்டார்களா என்று முதலில் கேட்டுவிட்டு வாங்குங்கள்.