கொடைக்கானலா, நீலகிரியா, மூணாறா, பேச்சிப்பாறையா? ஜனவரித் தூண்டிலுக்கு எது சரி

டிசம்பர் 3ஆம் தேதி நாகர்கோவில் கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழா முடிந்ததும் எங்கள் நால்வருக்கும் ஒரே பேச்சுதான்: இந்த வருஷம் தூண்டிலோடு எந்த மலைக்கு? கிறிஸ்துமஸ் முடியாமல் ஒருத்தன் தன் ஊரான கருங்கலை விட்டு அசைய மாட்டான். சுசீந்திரம் தேருக்கு வடம் பிடிக்காமல் இன்னொருத்தன் வரமாட்டான். பொங்கல் விடுமுறையில் எந்த மலைப்பாதையிலும் வண்டி நகராது. ஆக, புத்தாண்டுக்கும் பொங்கலுக்கும் நடுவே கிடைக்கிற நாலைந்து நாள்தான் எங்களுக்கு. பதினொரு வருஷமாக இப்படித்தான் போகிறோம். மார்த்தாண்டம், தக்கலைப் பக்கத்திலிருந்து பலர் இதே கேள்வியை என்னிடம் கேட்பதால் இதை எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு இரவு கிடைத்தால் கொடைக்கானல். ஒரே ஒரு பகல் என்றால் நம்ம பேச்சிப்பாறை. நீலகிரி ஜனவரியில் வேண்டாம், மார்ச்சுக்குத் தள்ளிவையுங்கள். மூணாறுக்குப் போங்கள், ஆனால் தூண்டிலை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

ஏன் என்று சொல்வதற்கு முன்னால் குளிரைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் எல்லாமே அதிலிருந்துதான் வருகிறது. மீனுக்கு நம்மைப்போல உடம்புச் சூடு கிடையாது. தண்ணீர் எவ்வளவு சூடோ அதன் உடம்பும் அவ்வளவுதான். தண்ணீர் குளிர்ந்தால் செரிமானம் மெதுவாகும், பசி குறையும், அங்கே இங்கே அலையாமல் ஆழத்தில் ஒரே இடத்தில் கிடக்கும். நாம் சின்ன வயசில் குளத்தங்கரையில் படித்த பாடம், விடியற்காலையும் அந்தியும்தான் மீன் கடிக்கும் நேரம் என்பது. குளிர்கால மலை ஏரியில் அந்தப் பாடத்தைத் தலைகீழாகத் திருப்பிப் போட வேண்டும். முதல் வருஷம் கொடைக்கானலில் காலை ஐந்தரைக்கே எழுந்து போய், பல் கிட்டித்து, ஒன்பது மணிவரை தூண்டில் தக்கை ஆடவே இல்லை. பதினொரு மணிக்கு வெயில் ஏறி, கரையோரத் தண்ணீர் லேசாகச் சூடானபிறகுதான் முதல் கடி. அன்றிலிருந்து பதினொன்று முதல் மூன்று வரைதான் எங்கள் நேரம். காலையில் நிம்மதியாகத் தூங்கி, இட்லி சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.

இரையும் அப்படித்தான். பேச்சிப்பாறையில் எலுமிச்சை அளவு உருண்டை போடுகிற இடத்தில் அங்கே பட்டாணி அளவு போதும். பசியில்லாத மீனுக்கு நிறைய தீனி எறிந்தால், அது அதைத் தின்றுவிட்டு உங்கள் தூண்டில் முள்ளைத் திரும்பிப் பார்க்காது.

கொடைக்கானல் ஏரி இயற்கை ஏரி இல்லை. 1863இல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச், ஓடையை மறித்துக் கட்டியது. ஏறத்தாழ 60 ஏக்கர், கடல்மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேலே. நட்சத்திரம் மாதிரி கைகள் நீட்டிக் கிடக்கும். படகுக்குழாமும் சைக்கிள் வாடகைக் கடைகளும் இருக்கிற பக்கத்தை விட்டுவிட்டு, அந்தக் கைகளில் ஒன்றின் உள்முனைக்குப் போனால் அமைதி கிடைக்கும். மீன்வளத் துறையிடம் கேட்டு அனுமதி வாங்கிய பிறகே தூண்டிலை இறக்குங்கள். படகு விடுகிறவர் “போடுங்க சார், யாரும் கேக்க மாட்டாங்க” என்று சொன்னால் அது அனுமதி ஆகாது.

அங்கே கிடைப்பது கெண்டை. நம் ஊர் ரோகு, கட்லா இல்லை, சீமைக்கெண்டை. அதில் கண்ணாடிக் கெண்டை என்ற வகை 1939இல் இலங்கையிலிருந்து ஊட்டிக்குக் கொண்டுவரப்பட்டது. உடம்பு முழுக்கச் செதில் இருக்காது, ஒரு வரிசையில் மட்டும் ஐம்பது பைசா அளவுக்குப் பெரிய செதில்கள், மற்ற இடமெல்லாம் வழவழவென்று தோல். வாயோரம் இரண்டு ஜோடி மீசை. வாயில் பல் கிடையாது, உதட்டால் உறிஞ்சும், பிடிக்காவிட்டால் துப்பிவிடும்.

இந்த உறிஞ்சலைக் கண்டுபிடிப்பதில்தான் கொடைக்கானலின் ருசியே இருக்கிறது. எங்களில் ஒருத்தன் முட்டத்துக்காரன், பரம்பரையாகக் கடல் தொழில். பாறையில் நின்று தூண்டில் வீசினால் கடல் மீன் கையையே பிடுங்குகிற மாதிரி இழுக்கும் என்பான். கொடைக்கானலில் முதல் நாள் அவனுக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. தக்கை அமிழட்டும் என்று காத்திருந்தான். இரண்டாம் நாள் மத்தியானம் நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். தக்கை அமிழவில்லை. நிமிர்ந்து நின்றது, மெதுவாக ஒரு விரல் அளவு மேலே எழும்பி, அப்படியே தண்ணீர்மேல் சாய்ந்து படுத்தது. மீன் அடியில் கிடந்த இரையை ஈயக் குண்டோடு சேர்த்துத் தூக்குகிறது, அதனால் தக்கையைக் கீழே பிடித்திருந்த பாரம் போய்விடுகிறது. அவன் சட்டென்று புரிந்துகொண்டான். “மக்கா, அனக்கம் காட்டாத” (அசையாதே) என்று வாய்க்குள்ளேயே சொல்லி, மணிக்கட்டை மட்டும் மேலே தூக்கினான். இரண்டு கிலோவுக்குக் குறையாத கெண்டை. கடலில் எத்தனையோ பெரிய மீன் இழுத்தவன், அதைக் கையில் வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தான்.

அப்புறம் அதைத் தண்ணீரிலேயே விட்டோம். இங்கே நான் அழுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. கொடைக்கானல் ஏரி மீனை நாங்கள் சாப்பிடுவதில்லை. 2001இல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசம் அந்த ஏரித் தண்ணீரிலும் சேற்றிலும் மீனிலும் இருந்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பாதரசம் மீன் உடம்பில் தங்கும், சமைத்தாலும் போகாது. போதாததற்கு ஊரின் கழிவுநீரும் ஏரியில் வந்து சேர்கிறது. இவ்வளவு அழகான தண்ணீரை இப்படிப் பண்ணிவிட்டோமே என்று ஒவ்வொரு தடவையும் வயிறு எரியும். பிடித்த மீனை ஈரக் கையால் தொட்டு (காய்ந்த கை அதன் மேலிருக்கிற வழவழப்பை உரித்துவிடும்), குறடால் முள்ளை எடுத்து, தண்ணீருக்குள்ளேயே தாங்கிப் பிடித்து, அதுவாக நீந்திப் போகிறவரை இருந்துவிட்டு வருகிறோம்.

“பிடிச்ச மீனைத் திங்க முடியாதுன்னா எதுக்குப் போறது?” என்று கேட்பவர்களுக்குத்தான் பேச்சிப்பாறை.

கோதையாற்றின் குறுக்கே திருவிதாங்கூர் ராஜாங்கம் மின்சின் என்ற இன்ஜினியரை வைத்துக் கட்டி 1906இல் முடித்த அணை. முழு நீர்மட்டம் 48 அடி. நாகர்கோவிலிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம். சுற்றிலும் மலை, ரப்பர் தோட்டம், மார்கழிக் காலையில் தண்ணீர்மேல் ஆவி மாதிரி பனி. ஆனால் உண்மையைச் சொன்னால் இது குளிர்ந்த ஏரி ஆகாது. கடல்மட்டத்திலிருந்து நூறு மீட்டர்கூட வராத இடம், ஸ்வெட்டர் எடுத்துப் போனால் பையில்தான் கிடக்கும். அதனாலேயே மீன் ஜனவரியிலும் சுறுசுறுப்பாகத் தின்னும். ரோகு, கட்லா, மிர்கால், சிலேபி எல்லாம் உண்டு. வடகிழக்குப் பருவமழைக் கலங்கல் ஜனவரியில் தெளிய ஆரம்பிக்கும், அது நமக்குச் சாதகம்.

இரைக்கு அங்கே நாங்கள் மரச்சீனிதான், அதாவது மரவள்ளிக்கிழங்கு. அவித்து மசித்து, கொஞ்சம் தவிடு, கடலைப்புண்ணாக்குப் பொடி, நன்றாகப் பழுத்த மட்டி வாழைப்பழம் பாதி. மட்டிப்பழ வாசனையில் என்ன இருக்கிறதோ, ரோகு விடுவதில்லை. மத்தியானம் அதே மரச்சீனியை நமக்கும் அவித்து, மீனை மிளகும் தேங்காயும் அரைத்த குழம்பாக்கினால் மலை ஏரி எதுவும் அதற்கு ஈடாகாது.

அங்கேயும் அனுமதி வேண்டும். அணையில் மீன்பிடி உரிமை குத்தகை சம்பந்தப்பட்டது. காட்டுப்பக்கக் கரை கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயம். அக்கரையில் காணிப் பழங்குடியினர் குடியிருப்புகளுக்குப் போகிற படகுகள் அந்தத் தண்ணீரில்தான் போய்வருகின்றன, அவர்கள் பாதையில் தங்கூசியை (தூண்டில் நைலான் நூல்) விரிக்காதீர்கள். அணைக்குக் கீழே ஆற்றுப் படுகையில் மட்டும் உட்காரவே வேண்டாம். மழை பெய்து மறுகால் (உபரிநீர் மதகு) திறந்தால் தண்ணீர் ஏறுவது கண்ணுக்குத் தெரிவதற்குள் காலைச் சுற்றிவிடும்.

குமரிப் பக்கத்திலேயே குளிர்ந்த அணை இல்லையா என்று கேட்பார்கள். மேல் கோதையாறு இருக்கிறது, ஆயிரம் மீட்டருக்கு மேலே, நிஜமான குளிர். ஆனால் அது மின்வாரியமும் புலிகள் காப்பகமும் சேர்ந்த இடம். அங்கே தூண்டில் போடக் கனவு காணாதீர்கள், அந்தக் காடு அப்படியே இருக்கட்டும்.

நீலகிரிக்கு வருவோம். தூண்டில்காரர்களுக்கு அது பெரிய பெயர், காரணம் ட்ரவுட் என்ற குளிர்நீர் மீன். 1907இல் வில்சன் என்ற ஆங்கிலேயர் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் தொடங்கினார். அங்கிருந்துதான் வானவில் ட்ரவுட் நீலகிரி ஓடைகளில் பரவியது. நீரில் பிராணவாயு நிறைய வேண்டும், தண்ணீர் 20 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் நன்றாக இருக்கும். இந்த மீனுக்குக் குளிர்ந்தாலும் சுறுசுறுப்புப் போகாது, கெண்டைக்கு நேர் எதிர். அப்படியானால் ஜனவரிதானே நல்லது என்று தோன்றும். எங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது.

தப்பு. குளிர்காலம்தான் வானவில் ட்ரவுட் முட்டையிடும் காலம். பண்ணைகளில் சினை பிழிந்து குஞ்சு எடுப்பதும் இந்த மாதங்களில்தான். வயிறு நிறைய சினையோடு இருக்கிற மீனைப் பிடித்து என்ன பெருமை? நம் கடலில் மீன்பிடித் தடைக்காலத்தை மதிக்கிற நாம் மலையிலும் அதை மதிக்க வேண்டும். முட்டத்துக்காரன்தான் இதை எங்களுக்கு முதலில் சொன்னான், இரண்டாவது வார்த்தைக்கு இடமில்லாமல் எல்லோரும் ஒத்துக்கொண்டோம்.

தொலைவும் இருக்கிறது. நாகர்கோவிலில் ராத்திரி கோவை ரயில் ஏறி, அங்கிருந்து மேட்டுப்பாளையம், ஊட்டி, அப்புறம் இன்னும் இருபது இருபத்தைந்து கிலோமீட்டர். இரண்டு நாள் பயணத்தில் ஒரு நாள் வண்டியிலேயே போய்விடும். எமரால்டும் அவலாஞ்சியும் 1960களின் குந்தா மின்திட்ட அணைகள், சுற்றிலும் வனத்துறையின் கட்டுப்பாடு. நாங்கள் போன வருஷத்தில் ஒரு முகவர், எல்லா அனுமதியும் இருக்கிறது என்று முன்பணம் வாங்கிவிட்டு, சோதனைச்சாவடியில் எங்களை நிறுத்திவிட்டுப் போனை அணைத்துவிட்டார். அனுமதிச்சீட்டை உங்கள் பெயரில், உங்கள் கையில் வாங்காமல் கிளம்பாதீர்கள். அன்று காலை தலைகுந்தா பக்கத்தில் புல்லெல்லாம் உப்பு தூவிய மாதிரி உறைபனி. ஒரு மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம், அது மட்டும் வீண்போகவில்லை.

மூணாறைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விளவங்கோட்டுக்காரர்களுக்கு அது சொந்த ஊர் மாதிரி, 1956வரை நம்ம குமரியும் மூணாறும் ஒரே ராஜ்யம், ஒரே மாநிலம். எஸ்டேட்டில் பெரும்பாலும் தமிழ்தான் பேசுவார்கள். ஜனவரியில் சில நாள் பூஜ்ஜியத்துக்கும் கீழே போகும், குளிர் அப்படி இருக்கும். ஆனால் மாட்டுப்பட்டி அணை முழுக்க சுற்றுலாப் படகு, சாயங்காலமானால் கரைக்கு யானை. ட்ரவுட் உள்ள தண்ணீர் தேயிலைக் கம்பெனி, வனத்துறை பொறுப்பில். நாலு பேர் தூண்டிலோடு போய் உட்கார இடம் தேடுவதற்குள் விடுமுறை முடிந்துவிடும்.

செலவு, வழி என்று பார்த்தாலும் கொடைக்கானல்தான் நடுவில் நிற்கிறது. திருநெல்வேலி, மதுரை, வத்தலக்குண்டு வழியாக எட்டு மணி நேரம். வண்டியில் போனால் இ-பாஸ் எடுத்துவிடுங்கள், 2024 மே முதல் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் அது கட்டாயம். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைச் சோதனைச்சாவடியிலேயே வாங்கிவைத்துக்கொள்வார்கள், வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள்.

நம் ஊர்க்காரர்களுக்குக் குளிர் பழக்கமில்லை என்பதால் இன்னும் கொஞ்சம். விரல் மரத்துப்போனால் முள்ளில் முடிச்சுப் போட முடியாது, அவசரத்தில் போடுகிற முடிச்சு மீன் இழுக்கும்போது அவிழும். அதனால் ஏழெட்டு முள்ளை அறையிலேயே கட்டி ஓர் அட்டையில் சுற்றிவைத்துவிடுவோம். முடிச்சை இறுக்குவதற்கு முன் எச்சில் தொட்டு நனைப்பது முக்கியம். காய்ந்த தங்கூசி உரசலில் சூடாகி அந்த இடத்திலேயே பலம் போய்விடும். பருத்தி பனியன் நனைந்தால் காயாது, உள்ளே கம்பளி போடுங்கள். சுக்குக்காப்பி பிளாஸ்கில் இருக்கட்டும்.

தண்ணியடித்தால் குளிர் தெரியாது என்பார்கள். தெரியாமல் போவதுதான் ஆபத்தே. தோலுக்கு ரத்தம் ஏறுவதால் சூடாகத் தோன்றும், உள்ளே உடம்பு வேகமாகக் குளிர்ந்துகொண்டிருக்கும். அந்த நிலையில் ஏரிக்கரையில் வழுக்கினால் குளிர்ந்த தண்ணீர் மூச்சையே பிடித்துவிடும், நீச்சல் தெரிந்தவனும் தடுமாறுவான். எங்கள் கூட்டத்தில் தூண்டில் வெளியே இருக்கிற நேரம் வரை யாரும் குடிப்பதில்லை. இன்னொன்று, ராத்திரி அறையைச் சாத்திக்கொண்டு உள்ளே கரி அடுப்பு வைக்கவே கூடாது. அந்தப் புகையில் வாசனையே இல்லாத நஞ்சு இருக்கிறது, தூங்குகிறவர்களைத் தூக்கத்திலேயே கொன்றுவிடும்.

இந்தத் தடவையும் கொடைக்கானல்தான். ஆனால் கருங்கல்காரனுக்குப் பெண் குழந்தை பிறந்து நாலு மாதம், இரண்டு ராத்திரி வெளியே தங்க அவனுக்கு மனசில்லை. அதனால் கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் குடும்பத்தோடு பேச்சிப்பாறை போகிறோம். மரச்சீனியும் மட்டிப்பழமும் நான் வாங்குகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அவன் முந்திரிக்கொத்து கொண்டுவருகிறானாம்.