மொறிஸ் மைனரின் டிபரென்சியல் விகிதத்தை அளக்க ஒரு டிஜிட்டல் கோணமானி

மரவேலை செய்பவர்களும் அலுமினியப் பொருத்து வேலை செய்பவர்களும் வைத்திருக்கும், அடியில் காந்தம் பதித்த சிறிய டிஜிட்டல் கோணமானியை, மொறிஸ் மைனர் என்ற பழைய பிரித்தானியக் காரின் டிபரென்சியல் விகிதத்தை வீட்டிலேயே, எதையும் கழற்றாமல் அறிவதற்காக வாங்கினேன். கியர்பொக்ஸிலிருந்து பின்அச்சுக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாப்ட் என்ற தண்டு, பின்சக்கரங்கள் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் எத்தனை முறை சுற்றுகிறது என்பதே இந்த விகிதம். கருவி நன்றாகவே செய்யப்பட்டிருக்கிறது. ஆயினும், 0.1 பாகை வரை காட்டும் அதன் நுட்பம் இந்த வேலையில் எவ்வளவு தூரம் பயன்படும் என்பதை வாங்க நினைப்பவர்கள் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும்.

மைனர்களில் விகிதம் ஒன்றல்ல. 1956இல் வந்த 948 சிசி வண்டிக்கு அச்சினுள் உள்ள பெரிய பற்சக்கரத்தில் 41 பற்களும் சிறியதில் 9 பற்களும் சேர்ந்த 4.55; 1962இல் வந்த 1098 சிசி வண்டிக்கு 38க்கு 9, அதாவது 4.22, அவற்றுக்கு முந்திய 803 சிசி வண்டிகளில் 43க்கு 8 என்ற 5.375உம், 37க்கு 7 என்ற 5.286உம் காணப்படுகின்றன. பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில்கூட ஓடி யாழ்ப்பாணத்தைச் சுமந்த பழைய கார்களில், கிடைத்த உதிரிப்பாகத்தைப் பொருத்தியே வண்டியை உயிரோடு வைத்திருந்தார்கள் என்பதால், பதிவுப் புத்தகத்தில் உள்ள ஆண்டைக் கொண்டு அச்சினுள் இருக்கும் பற்சக்கரத்தை ஊகிக்க முடியாது. 948 சிசி வண்டிக்குரிய வேகமானியும் கியர்பொக்ஸும் அப்படியே இருக்க, பின்னால் 4.22 பொருத்தப்பட்டிருந்தால், வேகமானி உண்மை வேகத்தைவிட ஏறத்தாழ 7 சதவீதம் குறைத்தே காட்டும்.

அளக்கும் முறை எளிது. சமதரையில் முன்சக்கரங்களுக்கும் தரையில் நிற்கப்போகும் பின்சக்கரத்துக்கும் கட்டை வைத்து, மற்றப் பின்சக்கரத்தை ஜக்கால் உயர்த்தி, அச்சை உறுதியான ஸ்ராண்டில் இறக்கிய பிறகே கியரை நியூட்ரலுக்கு மாற்றி, கைபிரேக்கை விட வேண்டும். ஜக்கை மட்டும் நம்பி எவரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது. ஒரு சக்கரம் தரையில் நிலையாக நிற்கையில் மற்றதை இரண்டு சுற்றுச் சுற்றினால்தான் பெரிய பற்சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும். அந்த இரண்டு சுற்றுக்குள் புரொப்பெல்லர் ஷாப்ட் எத்தனை முறை சுற்றுகிறதோ அதுவே விகிதம். இரண்டு சக்கரங்களையும் உயர்த்திவிட்டு ஒன்றை மட்டும் சுற்றினால், மற்றது எதிர்த்திசையில் சுழன்று கணக்கைக் கெடுத்துவிடும்.

முழுச் சுற்றுகளைக் கண்ணால் எண்ணிவிடலாம். மிச்சமுள்ள பகுதிச் சுற்றுக்குத்தான் கோணமானி. 4.22 ஆனால் மிச்சம் 80 பாகை, 4.55 ஆனால் 200, 5.375 ஆனால் 135, 5.286 ஆனால் ஏறக்குறைய 103. இங்கே கருவியின் முதற்குறை தெரிகிறது: நான் வாங்கியது 0 முதல் 90 வரை ஏறி, பின் இறங்கிக் காட்டும் வகை. ஆகவே 200 பாகை திரையில் 20 என்றும், 103 பாகை 77 என்றும் வரும். எந்தக் காற்பகுதியில் நிற்கிறோம் என்பதை ஷாப்டில் போட்ட சோக்குக் கோடே சொல்ல வேண்டும். இரண்டாவது குறை, அடியில் உள்ள பள்ளம் குழாயின் நீளவாக்கில் உட்காருவதற்கானது. சுழற்சியை அளக்கக் குறுக்காக வைத்தால் உருண்டையான ஷாப்டில் அது ஆடுகிறது. தட்டையான இரும்புப் பட்டி ஒன்றை ஹோஸ் கிளிப்பால் ஷாப்டில் இறுக்கி, அதன்மேல் கருவியை ஒட்டியபோதுதான் அசையாமல் நின்றது. காந்தம் வலுவானது, தலைகீழானபோதும் விழவில்லை. திரையின் வெளிச்சம் வண்டிக்கு அடியிலும் போதுமானது.

தசம இலக்கத்துக்கு வருகிறேன். 4.22 விகிதத்தில், உயர்த்திய சக்கரத்தை 5 பாகை கூடுதலாகத் தள்ளிவிட்டால் ஷாப்டில் 10 பாகைக்கு மேல் பிழை வருகிறது. பழைய அச்சின் பற்களுக்கிடையே உள்ள தளர்வும் சேர்ந்தால் இன்னும் சில பாகைகள் போய்விடும். எனவே ரயரில் போட்ட குறிக்கு நேரே தூக்குக்குண்டு நூல் ஒன்றைத் தொங்கவிட்டு, ஒரே திசையில் மட்டும் மெதுவாகச் சுற்றி, அந்தத் தளர்வை எடுத்த பின்பே கருவியைச் சுழியத்துக்குக் கொண்டுவர வேண்டும். இந்தக் கவனம் இல்லாமல் எடுக்கும் எந்த வாசிப்புக்கும் தசமம் மதிப்புச் சேர்க்காது.

கருவியே இல்லாத வழியும் உண்டு. எனக்கு அதுவே கூடுதல் நம்பிக்கை தருகிறது. உயர்த்திய சக்கரத்தை 18 சுற்றுச் சுற்றினால், சிறிய பற்சக்கரத்தில் 9 பற்கள் உள்ள அச்சில் ஷாப்ட் சரியாக 38 அல்லது 41 முழுச் சுற்றுச் சுற்றி, சோக்குக் கோடு தொடங்கிய இடத்திலேயே வந்து நிற்கும். ஒருவர் சக்கரத்தையும் மற்றவர் ஷாப்டையும் எண்ணினால், பின்னத்துக்கே வேலையில்லை. 948, 1098 சிசி மைனர் வைத்திருப்பவர்கள் இதற்கென்று கோணமானி வாங்கத் தேவையில்லை. 803 சிசி வண்டியின் இரு விகிதங்களுக்கும் இடையே, உயர்த்திய சக்கரத்தின் இரண்டு சுற்றுக்கு ஷாப்டில் 32 பாகையே வேறுபாடு என்பதால், அந்த வண்டிக்காரர்களுக்கும், தனியாக வேலை செய்து நீண்ட எண்ணிக்கையில் தடுமாற விரும்பாதவர்களுக்கும் இதைப் பரிந்துரைப்பேன். வாங்கும்போது 360 பாகையையும் தொடர்ச்சியாகக் காட்டும் வகையைக் கேட்டு வாங்குங்கள்.