கலங்கிய நீரும் மூன்று சான்றிதழ்களும்

அமெரிக்காவில் ஒரு ஏக்கரோ அதற்கு மேலோ மண்ணைக் கிளறிக் கட்டடம் எழுப்பினால் பெரும்பாலும் மழைநீர் அனுமதி, அதாவது மழையில் தளத்திலிருந்து சேறு வழிந்தோடாமல் தடுக்கச் சொல்லும் அனுமதி, வாங்கியாக வேண்டும். தளத்தைச் சுற்றிவந்து குறிப்பெழுதப் பயிற்சி பெற்ற ஒருவரும் வேண்டும். எந்தப் பயிற்சி என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அவற்றில் மூன்றை இங்கே ஒப்பிடுகிறேன்.

காசு கேட்காதது மத்திய சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் இணையப் பாடம். இறுதித் தேர்வில் 80 விழுக்காடு எடுத்தால் போதும். ஆனால் அது 2022ஆம் ஆண்டின் மத்தியப் பொது அனுமதிக்கானது. நியூ ஹாம்ப்ஷயர், மாசசூசெட்ஸ், நியூ மெக்சிகோ, தலைநகர் வாஷிங்டன், பழங்குடியினர் நிலங்கள் என அந்த அனுமதி நேரடியாகச் செல்லும் இடங்கள் சிலவே. அடிப்படை புரியப் படிக்கலாம். அதை மட்டும் நம்பி சியாட்டிலுக்கு வேலை தேடிப் போக முடியாது.

சியாட்டில் இருக்கும் வாஷிங்டன் மாநிலம் கேட்பது செஸ்கல் (CESCL) சான்றிதழ், அதாவது தளத்தில் மண் அரிப்பையும் வண்டலையும் கட்டுப்படுத்தும் பொறுப்பாளருக்கான சான்று. 16 மணி நேரப் பயிற்சி. மூன்று ஆண்டுகள் செல்லும். புதுப்பிக்க 8 மணி நேரம். என் ஓட்டு இதற்குத்தான். காரணம் அங்குள்ள விதியின் கூர்மை. வெளியேறும் நீரின் கலங்கல் 25 அலகைத் (NTU, கலங்கலை அளக்கும் அலகு) தாண்டினாலே தடுப்பு ஏற்பாடுகளை மறுபடி பார்த்துச் சரிசெய்ய வேண்டும். 250ஐத் தொட்டால் 24 மணி நேரத்துக்குள் மாநிலச் சூழலியல் துறைக்குத் தொலைபேசியில் சொல்லியாக வேண்டும். சால்மன் மீன் முட்டையிடும் ஓடைகள் உள்ள ஊர். வண்டல் படிந்தால் முட்டைகள் மூச்சுத் திணறிச் சாகும். அதனால் இதைப் படித்தவர் நீரைக் கண்ணால் பார்த்து 'தெளிவுதான்' என்று எழுதிவிட்டுப் போக முடியாது, மாதிரி எடுத்து அளந்தாக வேண்டும். மண் தடுப்புத் துணிவேலியின் அடிப்பகுதியைப் பள்ளம் தோண்டிப் புதைக்காமல் சும்மா நட்டுவைத்திருந்தால் முதல் மழையிலேயே நீர் அடியில் புகுந்து ஓடும். தாளில் வேலி இருக்கும், ஓடையில் சேறு இருக்கும். அளவீடு இந்தப் பொய்யைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கலிபோர்னியாவின் கதை வேறு. அங்கே திட்டம் எழுதுபவருக்கு க்யூஎஸ்டி, அதைத் தளத்தில் நிறைவேற்றுபவருக்கு க்யூஎஸ்பி என இரண்டு தகுதிகள். க்யூஎஸ்டி ஆக, பதிவுபெற்ற பொறியாளர் உரிமம் போன்ற ஒரு தகுதி முன்பே கையில் இருக்க வேண்டும்; அதற்கு மேல்தான் பயிற்சியும் தேர்வும். இடர் கூடிய தளங்களில் நடவடிக்கை எடுக்க வேண்டிய கலங்கல் அளவு 250 அலகு. வாஷிங்டனில் அவசரமாகத் தொலைபேசியில் சொல்ல வைக்கும் அளவு, இங்கே நடவடிக்கையின் தொடக்கம்! ஆனால் வடிவமைப்பு மேசையில் உட்கார்பவருக்கு க்யூஎஸ்டி தரும் மதிப்பை செஸ்கல் தராது.

உரிமம் உள்ளவர், கலிபோர்னியாவில் வேலை என்றால் யோசிக்காமல் க்யூஎஸ்டி. பட்டம் முடித்த கையோடு வாஷிங்டன் மாநிலத்தில் தளத்தில் இறங்குபவர் முதலில் இலவசப் பாடத்தை முடித்துவிட்டு செஸ்கலுக்குப் பணம் கட்டட்டும். கட்டுமுன் நீர் மாதிரி எடுக்கக் கையில் கருவி கொடுத்துப் பழக்குவார்களா என்று மட்டும் பயிற்சி நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.