ஒரு ஸ்லீப்பர் பெட்டி கூடுதலாகக் கிடைத்தால் எந்த ரயிலுக்குக் கொடுப்பது?

எப்போது பார்த்தாலும் வெயிட்டிங் லிஸ்ட் நீண்டுகொண்டே போகும் ரயில் ஒன்று எல்லா நாட்டிலும் இருக்கிறது. "இன்னொரு ஸ்லீப்பர் பெட்டி சேர்த்தால் என்ன?" என்று அதில் போகிறவர்கள் கேட்பது நியாயம்தான். ஆனால் தினசரி ரயிலில் ஒரு பெட்டி கூட்ட ஒரு பெட்டி போதாது. எத்தனை வேண்டும் என்பதில்தான் பங்கீட்டின் முடிச்சே இருக்கிறது. அந்தக் கணக்கை முதலில் பார்த்துவிடலாம்.

மாலையில் கிளம்பி மறுநாள் காலையில் போய்ச் சேரும் ரயிலுக்கு 2 ரேக் (ஒரு முழு ரயிலாக ஓடும் பெட்டிகளின் தொடர்) போதும். ஒன்று போகும், ஒன்று வரும். தினமும் ஒரு பெட்டி கூடுதலாக ஓட 2 பெட்டிகள் வேண்டும், அவ்வளவுதான். அமெரிக்காவில் ஆம்ட்ராக் ஓட்டும் எம்பயர் பில்டர் கதை வேறு. பிற்பகலில் சிகாகோவில் கிளம்பி, இரண்டு இரவு ஓடி, மூன்றாம் நாள் முற்பகல் சியாட்டில் சேர்கிறது. அன்று மாலையே திரும்பினாலும் சிகாகோ வர ஐந்தாம் நாள் மாலை ஆகிவிடும். அன்றைய வண்டி அதற்குள் போயிருக்கும், மறுநாள்தான் மீண்டும் கிளம்ப முடியும். ஆக, 5 ரேக். இங்கே ஒரு பெட்டி கூட்டுவது என்றால் 5 பெட்டிகள்.

சரி, கையில் 5 பெட்டிகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். எம்பயர் பில்டர் போன்ற ஒரு ரயிலுக்கே எல்லாவற்றையும் கொடுக்கலாம். இல்லையென்றால் இரண்டு ஓரிரவு ரயில்களுக்கு ஆளுக்கு 2 கொடுத்து, ஒன்றை ரிப்பேர் கையிருப்பாக வைக்கலாம். முதல் வழியில் தினமும் இரு முனையிலிருந்தும் சேர்த்து 2 பெட்டி நிறைய ஆட்கள் கிளம்புவார்கள், இரண்டாவதில் 4 பெட்டி நிறைய. தலைக்கணக்கில் ஓரிரவு ரயில் இரட்டிப்புப் பலன் தருகிறது. கிலோமீட்டர் கணக்கு போட்டால் அப்படியே தலைகீழ். சிகாகோ–சியாட்டில் சுமார் 3,550 கி.மீ. இரு திசையும் சேர்த்து அந்தப் பெட்டிகள் தினமும் 7,100 கி.மீ. ஓடும். ஓரிரவு ரயில் 900 கி.மீ. ஓடுவதாக எடுத்துக்கொண்டால் 4 பெட்டிகள் சேர்ந்தும் 3,600 கி.மீ.தான். பகல் முழுக்க அவை யார்டில் சும்மா நிற்கின்றனவே! எந்த ரயிலுக்குப் பெட்டி என்று நடக்கும் வாதங்களில் பெரும்பாலும் இரு தரப்பும் சரியான எண்ணைத்தான் சொல்கின்றன. ஒருவர் ஆட்களை எண்ணுகிறார், மற்றவர் தூரத்தை அளக்கிறார். என் வரையில், மாற்று வழி இல்லாத பயணிக்கு முன்னுரிமை தர வேண்டும். ஓரிரவு தூரத்துக்குப் பேருந்தோ வேறு ரயிலோ கிடைக்கலாம். இரண்டு இரவு தூரத்தை உட்கார்ந்தபடியே கடப்பது வயதானவர்களுக்கும் கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கும் வதை.

இனி பங்கிடும் முறைகள். இப்போது உலகம் நகரும் திசை நிலையான ரேக். ஆஸ்திரிய ரயில்வேயின் புதிய நைட்ஜெட் இரவு ரயில் 7 பெட்டிகள் சேர்ந்தே ஓடும் தொகுப்பு: இருக்கைப் பெட்டி 2, குஷெட் (பலர் ஒரே அறையில் படுக்கும் எளிய பெர்த் பெட்டி) 3, ஸ்லீப்பர் 2. இந்தியாவின் வந்தே பாரத் ஸ்லீப்பரும் அப்படித்தான்: 16 பெட்டிகள், 823 பெர்த், அதில் மூன்றடுக்கு 11, இரண்டடுக்கு 4, முதல் வகுப்பு 1. பெட்டிகளைக் கழற்றிச் சேர்க்கும் ஷண்டிங் தொல்லை இல்லை, சீக்கிரம் திருப்பி அனுப்பலாம், ஒரு ரேக் தாமதமானால் அதே அமைப்பில் இருக்கும் இன்னொன்றை மாட்டிவிடலாம். இயக்குகிறவர்களுக்கு இது எவ்வளவு நிம்மதி என்பது புரிகிறது. ஆனால் கூட்டம் இல்லாத செவ்வாய்க்கிழமையும் விடுமுறைக்கு முந்தைய வெள்ளிக்கிழமையும் இந்த ரேக்குக்கு ஒன்றுதான். ஒரு பெட்டியில் கோளாறு வந்தால் பல நேரம் தொகுப்பு முழுவதும் நிற்க வேண்டியிருக்கும். பகல் ரயிலில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம், நெருக்கியடித்தாவது போய்விடுவார்கள். பெர்த்தில் ஒருவருக்கு மேல் படுக்க முடியாது. அதனால்தான் இரவு ரயிலுக்கு நிலையான ரேக் எனக்கு உவப்பாக இல்லை.

எதிர்ப்பக்கத்தில் இருப்பது பருவத்துக்கு ஏற்பப் பெட்டியை இடம் மாற்றுவது. இதில் கைதேர்ந்தது அமெரிக்காவின் புல்மன் நிறுவனம். ஸ்லீப்பர் பெட்டிகளை ஒரே சேகரமாக வைத்துக்கொண்டு, குளிர்காலத்தில் புளோரிடா ரயில்களுக்கும் கோடையில் வடக்கு, மேற்குச் சுற்றுலாத் தலங்களுக்கும் அனுப்பியது. ஏகபோக வழக்கில் தோற்று 1947-ல் ரயில் நிறுவனங்களின் கூட்டமைப்பின் கைக்குப் போன பிறகும், 1968 முடியும்வரை ஸ்லீப்பர்களை இயக்கும் வேலை புல்மனிடமே இருந்தது. ஆளாளுக்குத் தனியாகப் பெட்டி வைத்திருந்தால் உச்சக் கூட்டத்துக்காக வாங்கிய பெட்டிகள் பாதி ஆண்டு சும்மா கிடக்கும் என்பது அந்த ரயில் நிறுவனங்களுக்கும் தெரியும். கனடாவில் டொரண்டோ–வான்கூவர் ஓடும் தி கனடியன் இன்றைக்கும் கோடையில் 20 பெட்டிகளைத் தாண்டுகிறது, குளிர்காலத்தில் கணிசமாகச் சுருங்குகிறது. 1950களில் செய்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பெட்டிகள் தனித்தனியாகக் கழற்றி மாட்டக்கூடியவை என்பதால்தான் இது சாத்தியமாகிறது.

ஆனால் இந்த முறை வேலை செய்ய இரண்டு விஷயங்கள் அமைய வேண்டும். முதலாவது, கூட்டம் வெவ்வேறு இடத்தில் வெவ்வேறு காலத்தில் வர வேண்டும். நாடு முழுக்க ஒரே வாரத்தில் ஊருக்குக் கிளம்பினால் எங்கிருந்து எடுத்து எங்கே கொடுப்பது? இரண்டாவது, பெட்டி எல்லாத் தடத்திலும் நுழைய வேண்டும். ஆம்ட்ராக்கின் இரண்டு மாடி சூப்பர்லைனர் நியூயார்க் சுரங்கங்களுக்குள் போகாது. அங்கே உயரம் குறைந்த வியூலைனர்தான் ஓடும். மேற்கில் பெட்டி மிஞ்சினாலும் நியூயார்க் ரயில்களுக்கு உதவாது. 2024 நவம்பரில் சிகாகோ–வாஷிங்டன் ஓடிய கேப்பிடல் லிமிடெட்டையும் நியூயார்க்–மயாமி ஓடிய சில்வர் ஸ்டாரையும் சேர்த்து புளோரிடியன் என்று சிகாகோ–மயாமி ரயிலாக்கினார்கள். நியூயார்க் சுரங்கப் பணி ஒரு காரணம். கேப்பிடலில் ஓடிய சூப்பர்லைனர்கள் விடுபட்டு மற்ற ரயில்களுக்குக் கிடைத்தது கூடவே வந்த பலன்.

மூன்றாவது வழி, பாதியில் பிரியும் ரயில். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். லண்டன் யூஸ்டனில் 16 பெட்டிகளோடு கிளம்பும் கலிடோனியன் ஸ்லீப்பர் எடின்பரோவில் மூன்றாகப் பிரிந்து இன்வெர்னஸ், அபர்டீன், ஃபோர்ட் வில்லியம் என்று போகிறது. ஃபோர்ட் வில்லியத்துக்கு மட்டும் தனி இரவு ரயில் விட யாரும் துணிய மாட்டார்கள். சேர்ந்து வந்து பிரிவதால்தான் அந்தச் சிறிய ஊருக்கும் ஸ்லீப்பர் கிடைக்கிறது, பயணி தூக்கத்தில் எழுந்து ரயில் மாற வேண்டியதும் இல்லை. இரண்டு நைட்ஜெட் தொகுப்புகள் ஹாம்பர்க்கிலிருந்து சேர்ந்து வந்து நியூரம்பர்கில் வியன்னாவுக்கும் இன்ஸ்ப்ரூக்குக்கும் பிரிவதும் இதே உத்திதான். நிலையான ரேக்கின் குறையை இப்படிக் கொஞ்சம் ஈடுகட்டுகிறார்கள். விலை என்னவென்றால், பிரிகிற இடத்தில் நடுராத்திரியில் எஞ்சினும் ஆட்களும் தயாராக நிற்க வேண்டும். திரும்பும்போது ஒரு கிளை தாமதமானால் மற்றவையும் காத்திருக்க வேண்டும். அமெரிக்காவில் சிகாகோவிலிருந்து வரும் டெக்சஸ் ஈகிள் ரயிலின் ஸ்லீப்பர் சான் அன்டோனியோவில் சன்செட் லிமிடெட்டோடு சேர்ந்து லாஸ் ஏஞ்சலஸ் போகிறது. ஆனால் சன்செட் வாரம் 3 நாள்தான் ஓடுகிறது என்பதால் மற்ற நாட்களில் அந்த வசதி கிடையாது.

எத்தனை பெட்டி என்பதோடு எந்தப் பெட்டி என்பதையும் பார்க்க வேண்டும். ரஷ்யாவில் ஒரே நீளப் பெட்டியில் பிளாட்ஸ்கார்ட் (கதவில்லாத திறந்த பெர்த்) என்றால் 54 பேர், கூப்பே (நால்வர் அறை) 36, லக்ஸ் (இருவர் அறை) 18. இந்தியாவில் எல்எச்பி எனும் புதிய வகைப் பெட்டியில் ஏசி இல்லாத ஸ்லீப்பர் 80 பெர்த், ஏசி மூன்றடுக்கு 72. ஸ்லீப்பரைக் கழற்றி ஏசியை மாட்டினால் 8 பெர்த்தான் குறைகிறது என்று காகிதத்தில் தெரியும். உண்மையில் அந்த 80 பேரில் பலருக்கு ஏசி கட்டணம் எட்டாது. அவர்கள் முன்பதிவில்லாப் பெட்டியில் நின்றபடி போவார்கள், இல்லையென்றால் பயணத்தையே விட்டுவிடுவார்கள். வருமானம் கூடுகிறது என்பதற்காக இதைப் பெட்டிப் பங்கீடு என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. பெட்டியை மட்டுமா மாற்றுகிறார்கள், பயணியையே மாற்றுகிறார்கள். 2021-ல் 83 பெர்த்தோடு வந்த ஏசி எகானமி இதற்கு ஓரளவு விடை. ஆனால் அதையும் ஏசி மூன்றடுக்குக்குப் பதிலாக மாட்ட வேண்டும், ஸ்லீப்பருக்குப் பதிலாக அல்ல.

என்னிடம் கேட்டால், கழற்றி மாட்டக்கூடிய பெட்டிகள் இருக்கும் இடத்தில் முதலில் பிரியும் ரயிலைப் பார்ப்பேன். அது முடியாத தடத்தில் ஆண்டு முழுக்க நிரம்பும் அளவுக்கு மட்டும் நிரந்தரப் பெட்டி கொடுத்து, மேலே வரும் கூட்டத்துக்குப் பருவச் சேகரத்திலிருந்து எடுப்பேன். சேகரத்தில் 10 பெட்டிகள் இருந்தால் பத்தையும் டைம்டேபிளில் எழுதிவிடக் கூடாது. ஒன்றாவது பராமரிப்புப் பணிமனை இல்லாத மறுமுனையில் நிற்க வேண்டும். அங்கே கடைசி நேரத்தில் ஒரு பெட்டி பழுதானால், பெர்த் உறுதியான டிக்கெட்டோடு பிளாட்பாரத்தில் நிற்கிறவர்களுக்கு, இரண்டு இரவு தூரத்தில் இருக்கும் கையிருப்பால் எந்தப் பயனும் இல்லை.